மாலையும் மோதிரமும் போதாதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்யாணச் சடங்குகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அம்மி மிதிப்பது, அருந்ததி பார்ப்பது, மெட்டி போடுவது எல்லாம் விலாவாரியாக இருந்தன. சுயமரியாதைத் திருமணத்துக்கு மட்டும் ஒரே வரி, அதுவும் 'அடையாளங்கள் ஏதுமற்றது' என்று. இது சரியில்லை.

அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-இல், இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று சேர்த்த 7ஏ பிரிவைப் பாருங்கள். உறவினர், நண்பர்கள் முன்னிலையில், தங்களுக்குப் புரிகிற மொழியில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலே போதும். அல்லது மாலை மாற்றிக்கொள்ளலாம், ஏதாவது ஒரு விரலில் மோதிரம் போட்டுவிடலாம், தாலி கட்டலாம். இதில் எது நடந்தாலும் கல்யாணம் செல்லும். எந்த விரல் என்று பெரியவர்கள் பஞ்சாயத்து பண்ணக்கூட இடம் வைக்கவில்லை! 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட ஒரு திருமணத்தைச் செல்லாது என்று சொல்லியிருந்தது. அதனால் ஏற்கெனவே நடந்த திருமணங்களுக்கும் சேர்த்தே இந்தத் திருத்தம் உயிர் கொடுத்தது.

என் அண்ணன் மகளும் மாப்பிள்ளையும் மோதிரம்தான் மாற்றிக்கொண்டார்கள். தாலி என்றால் ஒருவர் கட்ட, ஒருவர் குனிய வேண்டும். மோதிரம் இருவர் கையிலும் இருக்கும் என்பது அவள் கட்சி. எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. அப்புறம் பதிவு செய்யப் போனோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆல்பத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "தாலி கட்டுற போட்டோ எங்கம்மா?" என்று கேட்டார் எழுத்தர். வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரரே, "மஞ்சக் கயிறு பக்கத்துக் கடையில கிடைக்கும், ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்துருங்க" என்று வழி சொன்னார். தினம் பத்துப் பேருக்குச் சொல்கிற மாதிரி இருந்தது அவர் தோரணை. அண்ணன் விடவில்லை. 7ஏ பிரிவையும், இந்தப் பிரிவின்கீழ் நடக்கும் திருமணத்துக்கு ஏழு அடி எடுத்து வைக்கும் சடங்கு தேவையில்லை என்ற 2001 உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் அதே கடையில் நகலெடுத்துக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தார். மதியத்துக்குள் வேலை முடிந்தது.

எல்லா வீட்டிலும் இப்படி ஓர் அண்ணன் இருக்க மாட்டார். 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். கட்டணப் பட்டியலைச் சுவரில் ஒட்டுகிற அலுவலகங்கள், 7ஏ பிரிவையும் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் ஒட்டட்டும். எழுத்தர் உட்காரும் பக்கமும் ஒன்று ஒட்டினால் நல்லது.

ஒரு வாசகி,
திண்டுக்கல்