பெட்டி புதிது, சிப்செட் 2011: மலிவு மதர்போர்டு வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு,

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கணினி வாங்கித் தரும் பருவம் வந்தால் 'கேமிங் பிசி, முழு செட்' விளம்பரங்களும் கூடவே வந்துவிடுகின்றன. ஐ5 ப்ராசசர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, கலர் லைட் ஃபேன் எல்லாம் பட்டியலில் இருக்கும். எந்த மதர்போர்டு, ஐ5 என்றால் எத்தனையாவது தலைமுறை என்பது மட்டும் இருக்காது. அது மறதியால் விடுபடுவதில்லை.

கேட்டுப் பாருங்கள், 'எச்61 சார், சீல் பிரிக்காத புது போர்டு' என்பார்கள். பெட்டி புதிதுதான். எச்61 சிப்செட், அதாவது போர்டில் எதெல்லாம் ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் சில்லு, 2011-இல் வந்தது. அதில் உட்காருவது இன்டெலின் 2, 3-ஆம் தலைமுறை ப்ராசசர்கள்; ராம் டிடிஆர்3, அதுவும் 16 ஜிபிக்கு மேல் ஏறாது. எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் ஒன்றைச் சேர்த்துவிட்டால் பார்வைக்கு இன்றைய போர்டாகிவிடுகிறது. ஆனால் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்பது 8-ஆம் தலைமுறை முதல்தான், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. குறுக்குவழியில் 11-ஐ ஏற்றித் தருகிறோம் என்று சொல்லும் கடைக்காரரிடம் வேலரன்ட் ஓடுமா என்று கேளுங்கள். விண்டோஸ் 11-இல் அந்த விளையாட்டு டிபிஎம் 2.0, கணினி தொடங்கும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் இரண்டும் இல்லாமல் திறக்காது. பையன் கணினி கேட்பதே பெரும்பாலும் அதற்காகத்தான்.

சரி, எதை வாங்குவது? ப்ராசசர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் முடிவு செய்த பிறகு மிச்சப் பணத்தில் போர்டு எடுப்பதுதான் பெரும்பாலானோர் வழக்கம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் முடிவு செய்ய வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு வேண்டாம் என்பவர்களுக்கு ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி ப்ராசசர், ஏ520 சிப்செட் உள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு போர்டு போதும். இதில் ப்ராசசரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட முடியாது. பொழுதுபோக்காக விளையாடுபவருக்கு அது தேவையும் இல்லை. ராமில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்க வேண்டும். ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. டிடிஆர்4 3200 குச்சி ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டு போட்டால் 51.2. ஒற்றைக் குச்சியில் விளையாட்டு திக்கித் திணறுவதற்குக் காரணம் இதுதான். போட்ட பிறகு பயாஸில் (போர்டுக்குள்ளேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) ராமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாவிட்டால் 3200 ராம் 2400-லோ 2666-லோ ஓடிக்கொண்டிருக்கும். பல வீடுகளில் ஆண்டுக்கணக்காக அப்படித்தான் ஓடுகிறது.

கிராபிக்ஸ் கார்டு போடுபவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பார்ப்பதற்கு முழு நீள ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் தரவு போகும் பாதைகளான லேன்களில் நான்கை மட்டுமே பயன்படுத்தும். அந்த ஸ்லாட்டின் தலைமுறை பிசிஐஇ 4.0 என்றால் அது நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிபி, 3.0-வில் அதில் பாதி. கார்டில் இருப்பதோ 4 ஜிபி நினைவகம். அது நிரம்பியதும் மிச்சத்தை ராமிலிருந்து இந்த வழியாகத்தான் இழுக்க வேண்டும், படம் உறைந்து உறைந்து நகரும். ஏ520 வெறும் 3.0 போர்டு என்பதால் இந்தக் கார்டுக்கு ஆகாது. 4.0 தரக்கூடிய பி550 போர்டு வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்து 5600ஜி, 5500 ப்ராசசர்களை அதில் போடுபவர்கள் உண்டு. அந்த இரண்டு ப்ராசசர்களுமே 3.0 வரைதான், பி550-க்குக் கொடுத்த கூடுதல் பணம் வீண். 5600 என்றால் பி550-இல் 4.0 கிடைக்கும். எட்டு லேன்களும் 8 ஜிபி நினைவகமும் உள்ள ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டுக்கு ஏ520-இலும் பெரிய இழப்பில்லை.

இன்டெல் பக்கம் ஐ3-12100எஃப் அல்லது ஐ5-12400எஃப், எச்610 போர்டு. மலிவான சிப்செட் என்றாலும் கிராபிக்ஸ் ஸ்லாட் 4.0 ஆக இருக்கும். குறைகள் வேறு இடத்தில். ராம் ஸ்லாட் இரண்டுதான், டிடிஆர்4 3200-க்கு மேல் ஓடாது, எம்.2 எஸ்எஸ்டி 3.0 வேகத்தில்தான். சில எச்610 மாடல்களில் எம்.2 ஸ்லாட்டே கிடையாது, படத்தைப் பார்த்து வாங்குங்கள். எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் ப்ராசசரில் கிராபிக்ஸ் இல்லை; போர்டில் எச்டிஎம்ஐ துளை இருந்தும் படம் வராது. ரைசன் 5 5600-க்கும் இதே கதைதான். 'டிஸ்ப்ளே வரவில்லை' என்று கடைக்குத் திரும்பி வருவதில் கணிசமானவை, கேபிளைக் கார்டில் செருகாமல் போர்டில் செருகியவை.

மேலே சொன்ன ரைசன்கள் உட்காரும் ஏஎம்4, இன்டெல் ப்ராசசர்கள் உட்காரும் எல்ஜிஏ1700 ஆகிய சாக்கெட்டுகள் இரண்டிலும் பெரிய மேம்பாடு இனி வராது என்பது உண்மை. ஐந்தாறு ஆண்டு கழித்து ப்ராசசர் மாற்ற நினைப்பவர் ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 எடுக்கலாம். அதற்கு டிடிஆர்5 மட்டும்தான். ராம் விலை விற்கும் விற்பில் மாணவர் பட்ஜெட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அளவைப் பற்றி. 17 செ.மீ. சதுரமான மினி ஐடிஎக்ஸ் அழகாக இருக்கும், ஆனால் அதே சிப்செட்டுக்கு விலை அதிகம், விரிவாக்க ஸ்லாட் ஒன்றே ஒன்று. மைக்ரோ ஏடிஎக்ஸ் என்பது அதிகபட்சம் 24.4 செ.மீ. சதுரம். மலிவு மாடல்கள் அகலத்தில் இன்னும் குறுகலாக இருப்பதால் வலது ஓரத்துக்குக் கீழே திருகு வராது, அந்த ஓரம் அந்தரத்தில் நிற்கும். போர்டுக்கு மின்சாரம் தரும் 24 பின் கேபிள் செருகும் இடமும் அதே ஓரம். மேலிருந்து கட்டைவிரலால் அழுத்தினால் போர்டு கண்ணெதிரே கீழே வளையும். உள்ளே இருக்கும் மெல்லிய செப்புப் பாதையோ ஈயப் பற்றோ விரிசல் விட்டால் வாரன்டியில் நிற்காது. இன்னொரு கையின் விரல்களை ஓரத்துக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு செருக வேண்டும். கேபினட்டில் கை போக இடமில்லை என்றால், நீளமான கேபிளாக இருந்தால் முதலிலேயே செருகிவிட்டுப் பிறகு போர்டை உள்ளே இறக்கலாம்.

ப்ராசசருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதியில் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் இல்லாத போர்டுகளும் விற்பனைக்கு உண்டு. 65 வாட் ரைசனுக்கு அவை தாங்கும், 105 வாட் எட்டு கோர் ப்ராசசருக்குத் தாங்காது. சூடு ஏறியதும் வேகம் தானாகக் குறையும், சித்திரை வெயிலில் சீக்கிரமே குறையும். ப்ராசசருடன் கூடவே வரும் கூலர் காற்றைக் கீழ்நோக்கி அடிப்பதால் விஆர்எம்முக்கும் கொஞ்சம் காற்று கிடைக்கும். அதைக் கழற்றிவிட்டு டவர் கூலர் போட்டால் ப்ராசசர் குளிரும், விஆர்எம் காயும். பின்பக்கம் ஒரு ஃபேன் அவசியம். இந்த போர்டுகளில் கேபினட் ஃபேன் செருகும் ஹெட்டர் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஹெட்டர் ஒன்றுக்கு 1 ஆம்பியர் தாங்கும் என்பதால் ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டு மூன்று சாதாரண ஃபேன்களை ஓட்டலாம்.

ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஊரில் வாங்கினாலும் கடையிலேயே முடிக்க வேண்டிய வேலை இரண்டு. முதலாவது பயாஸ். பழைய இருப்பில் உள்ள ஏ520-இல் 5600ஜி போட்டால் திரை இருட்டாகவே இருக்கும். எச்610-இல் 14-ஆம் தலைமுறைக்கும் அப்படியே. அப்டேட் செய்து, படம் வருவதைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது, எல்ஜிஏ1700, ஏஎம்5 போர்டுகளில் பின்கள் சாக்கெட்டில் இருக்கின்றன. மூடியைத் திறந்து செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் வளைந்த பின் மட்டும் வேறு விதமாக மின்னும். வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு சொன்னால் எந்தக் கடையும் ஏற்காது. பிளாஸ்டிக் மூடியையும் எறிந்துவிடாதீர்கள், வாரன்டிக்குக் கொடுக்கும்போது கேட்பார்கள்.

ஜிஎஸ்டி பில்லில் 'மதர்போர்டு 1' என்று எழுதி வாங்கக் கூடாது. மாடல் பெயர், சீரியல் எண், போர்டின் மூலையில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண் மூன்றும் இருக்கட்டும். சில மாடல்களில் ஒரே பெயரில் ரிவிஷன் மாறும்போது உதிரிப் பாகங்களும் மாறும், பயாஸ் கோப்பும் மாறும்.

கணினி பொருத்துநர்,
சென்னை - 2