ஆளுங்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு: திகதியிடாத கடிதங்களை மறந்துவிடாதீர்கள்

தேசிய மக்கள் சக்தியின் மதிப்புக்குரிய பாராளுமன்ற உறுப்பினர்களே,

2024 நவம்பரில் 225 ஆசனங்களில் 159 ஐ உங்களிடம் ஒப்படைத்தவர்களுள் யாழ்ப்பாணத்து வாக்காளர்களும் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவனாக, நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்பதாக நீங்கள் தந்த வாக்குறுதியைப் பற்றி எழுதுகிறேன்.

அந்தப் பதவியை உருவாக்கிய ஜே. ஆர். ஜயவர்தன ஜனநாயகவாதியா, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியவரா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. 1977 இல் 168 ஆசனங்களில் 140 ஐ அவரது கட்சி வாக்குகளாலேயே வென்றது என்பதும், 1989 இல் அவர் பதவியை அமைதியாகக் கையளித்தார் என்பதும் உண்மை. ஆனால் 1982 ஒக்டோபர் ஜனாதிபதித் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றிருக்கக்கூடிய சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் 1980 இலேயே பறிக்கப்பட்டிருந்தன.

அந்தத் தேர்தலில் வென்ற கையோடு, தம் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத பதவி விலகல் கடிதங்களை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். மக்கள் தெரிவுசெய்த ஒருவர் கடிதத்தின் அடியில் கையொப்பமிட்டு, திகதிக்குரிய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு, அதை நிரப்பும் உரிமையைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு வந்து சபையில் கை உயர்த்துகிறார் என்றால், அந்தக் கை எந்தத் தொகுதி மக்களுடையது?

1982 டிசம்பர் 22 அன்று, பொதுத் தேர்தலுக்குப் பதிலாக, அதே பாராளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறு ஆண்டுகள் நீடிக்கச் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற முதியவர், "இதிலை ஒருத்தற்றை பேரும் இல்லையே, தம்பி" என்று திகைத்துப்போய்க் கேட்டது இன்றும் காதில் நிற்கிறது. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேற்பட்ட வாக்குகள் குடத்துக்கே விழுந்தன. நாடளாவிய அளவில் 54.66 வீத வாக்குகளைப் பெற்று விளக்கு வென்றது. அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில் வந்தபோது அந்த முதியவர் உயிரோடு இல்லை.

தனிநாட்டை ஆதரிப்பதில்லை எனச் சத்தியம் செய்ய உறுப்பினர்களைக் கட்டாயப்படுத்தி 1983 ஆகஸ்டில் வந்த அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம், பிரதான எதிர்க்கட்சியாக இருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியைப் பாராளுமன்றத்திலிருந்து வெளியேற்றியது. இவை எதற்கும் துப்பாக்கி முனை தேவைப்படவில்லை. உரிமைப் பறிப்பு, ஆயுள் நீடிப்பு, ஆறாம் திருத்தம் மூன்றுக்கும் சபையின் மூன்றில் இரண்டு வாக்கு இருந்தது. சட்டத்தின் வழியில் நடந்ததால் அது ஜனநாயகம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தடுத்து நிறுத்த வேண்டிய சபையையே முதலில் தம் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்துக்கொண்ட ஒருவர், பிறகு அதே சபையிடம் அனுமதி பெற்றேன் என்பது அதிகாரத் துஷ்பிரயோகமே.

இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கூட்டணியின் முதன்மைக் கட்சியான மக்கள் விடுதலை முன்னணி, 1983 ஜூலை வன்செயல்களைக் காரணம் காட்டி அதே ஜனாதிபதியால் தடைசெய்யப்பட்டது. 2018 இல் ஆறே உறுப்பினர்களுடன் இருந்தபோதே, இந்தப் பதவியை ஒழிக்கும் சட்டமூலத்தை அக்கட்சி சபைக்குக் கொண்டு வந்தது. இன்று அந்த நாற்காலியில் இருப்பவர் உங்கள் தலைவர். அவர் மீது நம்பிக்கை இருப்பதால் அவசரமில்லை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். 1978 இல் இந்தப் பதவியைக் கொண்ட அரசியலமைப்புக்குக் கை உயர்த்தியவர்களும் தம் தலைவரை நம்பியே உயர்த்தினார்கள்.

இந்தப் பதவியை ஒழிக்கச் சபையில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் மக்களின் சர்வசன வாக்கும் வேண்டும். முதலாவது உங்களிடமே இருக்கிறது. சட்டமூலம் எந்தத் திகதியில் சபைக்கு வரும் என்பதை நாட்டுக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
1982 இல் குடத்துக்குப் புள்ளடியிட்ட யாழ்ப்பாணத்து வாக்காளன்