துத்தியை வெட்ட வேண்டாம்

ஆசிரியருக்கு,

சாலையோரப் புதர்களை அகற்றிவிட்டு அழகுச் செடிகள் நடப்படவுள்ளதாகத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். பார்த்தீனியத்தையும் சீமைக் கருவேலத்தையும் வேரோடு களைவது வரவேற்கத்தக்கது. ஆனால், துத்தியையும் அவற்றோடு சேர்த்து வெட்டுவது சரியல்ல. அது இந்த மண்ணுக்கே உரிய செடி. மூல நோய்க்கு அதன் இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டும் வழக்கம் கிராமங்களில் இன்றும் உண்டு.

எங்கள் தெருமுனைக் காலிமனையில் யாரும் ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றாமலேயே சித்திரை வெயிலிலும் துத்தி பூக்கிறது. பிற்பகலில் மஞ்சள் பூக்கள் விரிந்ததும் தேனீக்கள் வந்துவிடுகின்றன. பல்சக்கரம் போன்ற அதன் காய்களைச் சிறுவர்கள் பறித்து விளையாடுகிறார்கள். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் அயல்நாட்டுச் செடிகளுக்குச் செலவிடும் முன், சாலையோரங்களில் துத்தியையும் சிற்றாமுட்டி போன்ற நாட்டுச் செடிகளையும் வளர்க்க நகராட்சிகள் முன்வர வேண்டும்.

- வாசகர், விருதுநகர்