ஃபிளாடனுக்கு ஏழு வாரம் முன்பு

அன்புள்ள மூர்த்தி,

வீட்டில் எல்லோரும் நலம். முழங்கால் பழையபடிதான், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. லைப்ரரி அண்ணன் வந்திருந்தார். உன்னை விசாரித்தார், கூடவே அந்தப் பச்சை அட்டைப் புத்தகத்தையும் விசாரித்தார். இந்த ஜென்மத்தில் நீ அதைத் திருப்பித் தரப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். பேரனை ஸ்கூலில் சேர்த்தாயிற்றா, கோயம்புத்தூர்க் குளிர் எப்படி என்றெல்லாம் தனியாக எழுது. நான் இப்போது எழுத உட்கார்ந்தது வேறு காரியத்துக்கு. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்பாய். காகிதத்தில் என்றால் கடைசிவரை படிப்பாய், எனக்குத் தெரியும்.

கவின் டக்ளஸை முழுதாகப் படித்துவிட்டேன். நீ தமிழில் பெயர்க்கிற அதே ஈனியட்டை, எரியும் ட்ராய் நகரிலிருந்து தப்பிய ஈனியாஸைப் பற்றிய வர்ஜிலின் லத்தீன் காவியத்தை, ஸ்காட்ஸ் மொழியில் ஆக்கினாரே, அவர்தான். நம் கோஷ்டியில் அவர் பெயரை முதலில் எடுத்தவனே நீ. "பாதிரியார், அந்த எழுத்துக்கூட்டே வாயில் நுழையாது" என்று சொல்லி அதோடு விட்டுவிட்டாய். நுழைகிறது மூர்த்தி! கண்ணால் பார்த்தால் கரடுமுரடு, வாய்விட்டுப் படித்தால் வழிவிடுகிறது. அவர் ஆசையும் அதுதான். அதுவரை படித்த குருமார்களுக்கு மட்டுமே எட்டிய வர்ஜிலை இனி எழுத்தறியாதவர்களுக்கும் உரக்க வாசித்துக் காட்டுவார்கள் என்று, முடிக்கும்போது தன் புத்தகத்தையே அழைத்துச் சொல்கிறார்.

இந்த வேலையில் அவர் இறங்கியது பாதி பக்தியால், பாதி கோபத்தால். 1490இல் இங்கிலாந்தில் வில்லியம் காக்ஸ்டன் ஓர் ஈனியாஸ் கதையை அச்சிட்டார். லத்தீனைப் பார்த்துச் செய்ததல்ல, பிரெஞ்சுக் கதை ஒன்றிலிருந்து எடுத்தது. ஈனியாஸைக் காதலித்த ராணி டைடோவின் கதை மட்டும் அதில் ஊதிப் பெருத்திருக்கும், ஐந்தாம் காண்டம் காணாமலே போயிருக்கும். டக்ளஸ் தன் முதல் முன்னுரையில் அதைக் கிழித்துத் தொங்கவிடுகிறார். பிசாசும் புனித அகஸ்டினும் எவ்வளவு ஒற்றுமையோ, அதுவும் வர்ஜிலும் அவ்வளவு ஒற்றுமை என்கிறார். அங்கே புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிரித்தேன். தமிழ் மன்றத்தில் நீ அந்த இலியட் சுருக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசிய மாலை ஞாபகம் வந்தது. தலைவர் மைக்கை வாங்கப் பார்த்தும் நீ விடவில்லையே!

ஆனால் அடுத்தவரைத் திட்டிவிட்டுத் தன் வேலையை மூடி மறைக்கிற ஆள் இல்லை அவர். சில இடத்தில் மூலத்துக்கு விளக்கம் வேண்டியிருக்கிறது, சில இடத்தில் அணிக்காகக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கிறது, சில நேரம் ஒரு சொல்லுக்கு மூன்று சொல் போட வேண்டியிருக்கிறது என்று வெளிப்படையாகவே சொல்கிறார். தெற்கத்தி ஆங்கிலம் வேண்டாம், எங்கள் மொழியே போதும் என்று கிளம்புகிறார். போதாத இடத்தில் லத்தீனிலிருந்தோ பிரெஞ்சிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ எடுத்துக்கொண்டேன் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுகிறார்.

நீ அவசியம் படிக்க வேண்டியது ஏழாம் காண்டத்தின் முன்னுரை. ஒவ்வொரு காண்டத்துக்கும் செய்யுளிலேயே தனித்தனி முன்னுரை வைத்திருக்கிறார். ஏழாவது முழுக்க மார்கழிக் குளிர். அதுவும் எடின்பரோ குளிர். அப்போது அவர் அங்கே செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தின் தலைவர். தெருவெல்லாம் சேறும் தண்ணீரும். ஏழைக் கூலிகளும் உழவர்களும் நனைந்து களைத்துச் சேற்றில் இழுபட்டுப் போகிறார்கள். இவர் விடியலில் எழுந்து ஜன்னலைத் திறந்து பார்க்கிறார். உடம்பு நடுங்க உடனே மூடிவிட்டுக் கணப்புப் பக்கம் வருகிறார். அங்கே மேசைப்பலகையில் வர்ஜில் திறந்தபடி நிற்கிறது. இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று கண்ணில் படுகிறது. பேனாவை எடுக்கிறார். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார்: நுகம் உன் கழுத்தில் கிடக்கிறது, நீதான் இழுத்துக் கரைசேர்க்க வேண்டும். அப்புறம் ஏழாம் காண்டம் தொடங்குகிறது, அதே மனிதர், அதே மேசை. ரோமாபுரியின் மகாகவிக்கு முன்னால் தன் ஊர்ச் சேற்றையும் தன் நடுக்கத்தையும் கொண்டுவந்து வைக்க ஒருவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும், சொல். மொழிபெயர்த்தவன் என்று ஒருவன் இருந்தான், அவனுக்குக் குளிர்ந்தது என்று 500 வருஷம் கழித்து எனக்குத் தெரிகிறது.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன்.

அவர் முடித்த நாள் 1513 ஜூலை 22. தேதி போட்டு வைத்திருக்கிறார். ஏழே வாரத்தில், செப்டம்பர் 9ஆம் தேதி, ஃபிளாடன் போர். ஸ்காட்லாந்து ராஜா நான்காம் ஜேம்ஸ் களத்திலேயே செத்தார். டக்ளஸின் அண்ணன் தம்பிகளில் இருவர் போனார்கள். யாருக்காக இந்தக் காவியத்தை மொழிபெயர்த்தாரோ, அந்த ஹென்றி சின்க்ளேர் பிரபுவும் போனார். வர்ஜிலின் தூணில் என் பேனாவையும் கருவிகளையும் என்றென்றைக்குமாக மாட்டிவிட்டேன் என்று கடைசியில் எழுதியிருந்தாரே, அது அப்படியே ஆயிற்று. பிறகு அரசியல், சிறை, டன்கெல்டில் பிஷப் பதவி, கடைசியில் அகதியாக லண்டன். 1522இல் அங்கே பிளேக்கில் முடிந்தார். ஒரு நகரம் எரிந்து அழிகிற கதையைத் தன் மொழிக்குக் கொண்டுவந்து முடித்த கையோடு, தன் நாட்டுக்கே அது நடப்பதைப் பார்த்திருக்கிறார்.

ஃபிளாடனில் அவர்களைத் தோற்கடித்த ஆங்கிலப் படைக்குத் தளபதி யார்? சர்ரே பிரபு தாமஸ் ஹோவர்ட். அவர் மகனும் அதே களத்தில் நின்றார். அந்த மகனுக்குப் பிறந்தவன் ஹென்றி ஹோவர்ட், அடுத்த தலைமுறையின் சர்ரே பிரபு, கவிஞன். ஈனியட்டின் இரண்டாம் காண்டத்தையும் நான்காம் காண்டத்தையும் ஆங்கிலத்தில் ஆக்கியவன். அவன் கையில் இருந்தது யாருடைய மொழிபெயர்ப்பு என்று நினைக்கிறாய்? டக்ளஸுடையதுதான்!

நீ ஆதாரம் கேட்பாய். இரண்டாம் காண்டத்தின் தொடக்கத்தை எடு. எல்லோரும் பேச்சடங்கி அவன் முகத்தையே பார்க்கிறார்கள், ஈனியாஸ் பேச ஆரம்பிக்கிறான். வர்ஜில் அங்கே சொல்வது 'தந்தை ஈனியாஸ்'. அவன் இருப்பது விருந்து மண்டபத்து உயர்ந்த மஞ்சத்தில். டக்ளஸ் அவனை 'இளவரசன் ஈனியாஸ்' ஆக்கி, மஞ்சத்திலிருந்து நகர்த்தி அரச ஆசனத்தில் உட்கார வைத்துப் பேசவிடுகிறார். சர்ரேயைப் புரட்டினால் அங்கேயும் இளவரசன், அங்கேயும் அரச ஆசனம். மஞ்சத்தையே காணோம். இதில் எதுவும் லத்தீனில் கிடையாது. இப்படி வரிக்கு வரி ஒட்டிக்கொண்டு வரும் இடங்கள் நிறைய. அதுவும் டக்ளஸ் அச்சேறியது 1553இல்தான். சர்ரே அதைப் பார்க்கவில்லை. எட்டாம் ஹென்றி அரசச் சின்ன விவகாரத்தில் ராஜத்துரோகக் குற்றம் சாட்டி 1547 ஜனவரி 19 அன்று தலையை வெட்டினார். முப்பது வயதுதான் இருக்கும். ஒன்பது நாள் கழித்து ராஜாவே செத்தார். ஆக, கையெழுத்துப் பிரதி ஒன்று எப்படியோ எல்லை தாண்டி அந்த வீட்டுக்கு வந்திருக்கிறது. தாத்தாவும் அப்பாவும் ஜெயித்த களத்தில் தோற்றவர்களின் மொழியில் இருந்த வர்ஜிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேரன் எழுதியிருக்கிறான். அவன் எழுதிய இரண்டில் ஒன்று, தோற்றவன் ஒருவன் அந்நிய ராணியிடம் தன் ஊர் விழுந்த கதையைச் சொல்லும் காண்டம்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டில் என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. டக்ளஸ் ஈரடிக்கு ஈரடி இயைபு போட்டுப் பாடியவர், அதனால்தான் அவர் நூல் மூலத்தைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சர்ரே சொற்களை அவரிடம் எடுத்துக்கொண்டான், இயைபை விட்டுவிட்டான். இத்தாலிக்காரர்கள் வர்ஜிலை இயைபில்லாத அடியில் பெயர்க்க ஆரம்பித்திருந்த காலம் அது. கார்டினல் இப்போலித்தோ தே மெடிச்சி இதே இரண்டாம் காண்டத்தை அப்படித்தான் செய்திருந்தார். சர்ரே அதை ஆங்கிலத்தில் பத்தசை அடியாக்கினான். அவன் செத்த பிறகு 1554இல் நான்காம் காண்டத்தை அச்சிட்டபோது, பழக்கமில்லாத யாப்பு என்று முகப்பிலேயே போட்டார்கள். அந்தப் பழக்கமில்லாத யாப்பில்தான் பிறகு மார்லோ எழுதினார், ஷேக்ஸ்பியர் எழுதினார், 1667இல் மில்டன் எழுதினார். ஆங்கில நாடகத்தின் நடையே ஒரு மொழிபெயர்ப்பாளன் தன் சங்கடத்தைத் தீர்க்கக் கண்டுபிடித்த வழி.

இப்போது உன் விஷயம். எண்சீர் விருத்தத்தை விடு, கெஞ்சிக் கேட்கிறேன். நீ அனுப்பிய இரண்டாம் காண்டப் பக்கங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். மரக்குதிரை வரும் இடம், பூசாரி லாவகோனைப் பாம்பு சுற்றும் இடம் எல்லாம் அற்புதம், உன்னால்தான் முடியும். ஆனால் எதுகைக்காக மூன்றாம் அடியில் ஆள் சேர்க்கிறாய். வர்ஜிலின் ஓரடிக்கு நான்கு அடி ஆகிறது. கம்பன் விருத்தத்தில் சாதிக்கவில்லையா என்பாய், எத்தனை வருஷமாக இதே பதில்! கம்பன் வால்மீகியை மொழிபெயர்க்கவில்லை, தன் காவியத்தைப் பாடினான். நீ எடுத்திருப்பது வேறு வேலை. அகவலில் போடு. பொருள் அடி தாண்டி ஓடும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும், ஒரு பாட்டு முடிந்தது என்று ஒவ்வொரு நான்கடிக்கும் கதவைச் சாத்த வேண்டாம். ட்ராய் ராஜா பிரியாம் செத்துக் கிடக்கும் கட்டத்தை மட்டும் அகவலில் செய்து பார். சரியில்லை என்றால் என்னைத் திட்டு.

இன்னொன்று சொல்ல வேண்டும். அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு ஈனியாஸ் கிளம்புகிறான், மனைவி பின்னால் வருகிறாள். அதோடு உன் பக்கங்கள் நின்றுவிட்டன. தங்கச்சி போன பிறகு ஒன்றும் வரவில்லை. அடுத்து வருவது என்ன என்று எனக்குத் தெரியும், அதனால்தான் நான் இதுவரை கேட்கவில்லை. அவன் எரியும் ஊருக்குள் திரும்பிப் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும், மூன்று தரம் கட்டிக்கொள்ளப் போய் மூன்று தரமும் கை வெறுமையாகத் திரும்புவதும் சுமார் எழுபது அடிக்குள் முடிந்துவிடுகிறது. அந்த எழுபது அடியை இப்போது நீ செய்ய வேண்டாம். யார் கட்டாயப்படுத்துகிறார்கள்? இடத்தை விட்டுவிட்டு நான்காம் காண்டத்துக்குப் போ. சர்ரேயிடம் நமக்குக் கிடைப்பதும் இரண்டும் நான்கும்தான், மூன்று இல்லை.

ஆனால் மொத்தமாக விட்டுவிடாதே மூர்த்தி. டக்ளஸ் 18 மாதத்தில் முடித்தார் என்று பெரிதாகச் சொல்கிறார்கள். பல தடவை சேர்ந்தாற்போல் இரண்டு மாதம் ஒரு சொல்கூட எழுத முடியவில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். தாமஸ் ஃபேர் என்று ஒரு டாக்டர், வேல்ஸில் இருந்தவர், அவரும் ஈனியட்டை ஆங்கிலத்தில் ஆக்கினார். ஒவ்வொரு காண்டத்தின் முடிவிலும் இது இத்தனை நாள் வேலை என்று குறித்துக்கொண்டே வந்தார். பத்தாம் காண்டம் பாதியில் இருக்க, 1560இல் இறந்துபோனார். இன்னொரு டாக்டர், தாமஸ் ட்வைன், மிச்சத்தைச் செய்து 1573இல் பன்னிரண்டு காண்டத்தையும் வெளியிட்டார். ஜார்ஜ் சாப்மன் ஹோமரை ஆங்கிலத்தில் ஆக்கி முதல் பகுதியை அச்சிட்டது 1598இல், இரண்டு காவியமும் ஒரே நூலாக வந்தது 1616இல். இதெல்லாம் நின்று நின்று போகிற வேலைதான்.

பதிமூன்றாம் முன்னுரைக் கதையை உனக்குச் சொன்னேனா? வர்ஜில் எழுதியது பன்னிரண்டே காண்டம். 1428இல் மஃபேயோ வெஜியோ என்ற இத்தாலியர் லத்தீனில் பதிமூன்றாவது ஒன்றைச் சேர்த்துவிட்டார். டக்ளஸ் பன்னிரண்டோடு எழுந்துவிடப் பார்க்கிறார். ஜூன் மாதத்து மாலையில் தோட்டத்தில் கண்ணயர்கிறார். கனவில் வெஜியோ வந்து, என் காண்டத்தை ஏன் விட்டாய் என்று சண்டை பிடித்து, தடியால் முதுகில் இருபது அடி போடுகிறார். விழித்ததும் அதையும் மொழிபெயர்த்துவிடுகிறார்! இதை நம் மாமிக்குப் போனில் சொன்னேன். "மூர்த்திக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும், நீயே போ" என்றார். மாமி சொல்லைத் தட்ட முடியாது.

அதனால் பொங்கல் கழிந்ததும் வருகிறேன். தடி கொண்டுவரமாட்டேன். டக்ளஸின் ஏழாம் முன்னுரையையும் இரண்டாம் காண்டத்தையும் பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்து, சர்ரேயைப் பக்கத்துப் பக்கமாக வைத்து பைண்டு பண்ணக் கொடுத்திருக்கிறேன், உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. காசு பற்றிப் பேசாதே. மாடியில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்கலாம். பேரன் பக்கத்தில் இருந்தால் அவனும் கேட்கட்டும். வரும்போது லைப்ரரி அண்ணனின் பச்சைப் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிடு. பழைய நோட்டும் மேசைமேல் இருக்கட்டும்.

அன்புடன்,
ராமு