வினிப்பெக்கில் இருக்கும் மகளுக்கு: குளிரில் கொதிக்கிற கார் பற்றி

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் சொன்னதில் பாதியை நீ இப்பவே மறந்திருப்பாய். அதுதான் எழுதி அனுப்புகிறேன். இதைக் கையில் வைத்துக்கொண்டு பொனற்றைத் திற.

நீ சொன்னதை முதலில் ஒழுங்காக எழுதுகிறேன், பிழையென்றால் திருத்து. இரவு முழுக்க எஞ்சினைச் சூடாக்கும் மின்ஹீற்றரின் பிளக்கில் கிடந்த கார். வெளியே மைனஸ் 27. காலையில் ஒரே தட்டில் ஸ்ராட் ஆனது, காருக்குள் ஹீற்றரும் நல்ல சூடு. பெரிமீற்றர் ஹைவேயில் ஏறிப் பத்து நிமிசத்தில் எஞ்சின் வெப்ப மீற்றரின் ஊசி சிவப்புக்குப் போனது. பின்னேரம் மைனஸ் 12 ஆனபோது அதே கார் ஒரு சத்தமும் இல்லாமல் வீடு வந்தது. கராஜில் வோட்டர் பம்பும் தேர்மோஸ்ரற்றும் மாற்றச் சொல்கிறார்கள். இப்போதைக்கு ஒன்றையும் மாற்றாதே. ஒருவரும் இன்னும் எதையும் அளந்து பார்க்கவில்லை.

ஹீற்றர் சுடச்சுட ஊதியது என்றால் எஞ்சினைக் குளிரவைக்கிற திரவத்தை, அதாவது கூலன்ற்றை, பம்ப் தள்ளுகிறது என்று அர்த்தம். பம்ப் செத்திருந்தால், அல்லது கூலன்ற் குறைந்து காற்று அடைத்திருந்தால், ஊசி ஏற ஏற ஹீற்றர் குளிர்காற்று ஊதும். ஆகவே எஞ்சினுக்கும் ஹீற்றருக்கும் இடையில் ஓட்டம் இருக்கிறது. ரேடியேற்றர் பக்கம்தான் எங்கேயோ நிற்கிறது.

ஏன் நிற்கிறது? தேர்மோஸ்ரற் என்பது ரேடியேற்றருக்குப் போகிற வழியைச் சூட்டுக்கு ஏற்பத் திறக்கிற வால்வு. எஞ்சின் 80 பாகை தாண்டும் வரை அது மூடியே இருக்கும். அந்த நேரம் ரேடியேற்றருக்குள் இருக்கிற கூலன்ற் அசையாமல் கிடக்கும். அதன் நெற்றியில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் மைனஸ் 27 காற்று அடித்தால், கூலன்ற் தண்ணி கூடி மெலிந்ததாக இருந்தால், அது கூழ் மாதிரித் தடித்துப்போகும். நீராகவும் இல்லை, ஐஸாகவும் இல்லை. பிறகு தேர்மோஸ்ரற் திறந்தாலும் அந்தக் கூழுக்குள்ளால் எதுவும் போகாது. எஞ்சின் சூடு வெளியேற வழியில்லாமல் கொதிக்கிறது. ஹைவேயில் ஊசி ஏறி, நிறுத்தினால் ஆறி, குளிர் குறைந்த நேரத்தில் ஒன்றும் நடக்காதது போல ஓடுவது இந்த வருத்தத்தின் அடையாளம். விசிறி பழுதென்றால் தலைகீழாக இருக்கும்: சிக்னலில் நிற்கும்போது ஏறும், ஓடும்போது இறங்கும்.

பிளக் போட்டதால் கூலன்ற் உறையாது என்று நினைக்காதே. அந்த 400 வாற் ஹீற்றர் சூடாக்குவது எஞ்சின் புளொக்கை மட்டும்தான், ரேடியேற்றர் இரவு முழுக்க வெளிக்குளிரில்தான் நிற்கிறது. ஸ்ராட் சுகமாக வருவதால் குறை மறைந்தும்போகிறது. வானிலையில் சொல்கிற காற்றுக்குளிர், அந்த மைனஸ் 40 கணக்கு, காருக்கு இல்லை. காற்று கெதியாகக் குளிராக்கும், ஆனால் மைனஸ் 27க்குக் கீழே கொண்டுபோகாது.

காரை வன்கூவரில் வாங்கினாய். அங்கே கூலன்ற் குறைந்தால் பைப் தண்ணி ஊற்றிவிட்டு வருசக்கணக்கில் ஓடலாம், குளிர் காட்டிக்கொடுக்காது. உறையவிடாமல் தடுக்கிற எதிலீன் கிளைக்கோல் பாதி, தண்ணி பாதி என்றால் மைனஸ் 37 வரை தாங்கும். 40 வீதமானால் மைனஸ் 24 அளவில், 30 வீதமானால் மைனஸ் 16 அளவில் உறையத் தொடங்கும். கிளைக்கோல் கூடக்கூட நல்லது என்றும் நினைக்காதே. 60 வீதத்தில் மைனஸ் 50ஐத் தாண்டும், ஆனால் தனிக் கிளைக்கோல் மைனஸ் 13லேயே உறையும், சூட்டைக் கடத்துவதிலும் மோசம். வினிப்பெக்குக்கு 50க்கும் 60க்கும் இடையில் வை.

இனி அளக்கிற வேலை. பந்து மிதக்கிற மலிவான சோதனைக் குழாய் வேண்டாம், ரிஃப்ராக்ரோமீற்றர் வாங்கு. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்குப் பிடித்தால் உறைநிலை கோடாகத் தெரியும். எதிலீன் கிளைக்கோல் அளவுகோலைப் பார், பக்கத்தில் புரோப்பிலீன் என்று இன்னொன்று இருக்கும். கடைக்காரரும் தவறவிடுகிற ஒன்று: பாதி உறைந்த ரேடியேற்றரில் இருந்து எடுத்த சொட்டு பொய் சொல்லும். தண்ணிதான் முதலில் ஐஸாகும், மிச்சம் நிற்கிற நீரில் கிளைக்கோல் கூடியிருக்கும், உண்மையைவிட நல்ல எண் காட்டும். அதனால் காரை நிலத்தடிச் சூட்டுப் பார்க்கிங்கில் ஓரிரவு முழுக்க விடு. அடுத்த நாள் கொஞ்சம் ஓடவிட்டுக் கலக்கு, பிறகு நன்றாக ஆறவிடு. ரேடியேற்றரின் மேல் ஹோஸைக் கையால் அமத்தினால் மெத்தென்று இருக்க வேணும், கல்லுப்போல இருந்தால் மூடியைத் தொடாதே. சொட்டை ரேடியேற்றர் வாயில் இருந்து எடு. பக்கத்துப் பிளாஸ்ரிக் போத்தலில் வேறு கலவை நிற்கக்கூடும்.

மைனஸ் 16 அளவில் காட்டினால் ஆளைப் பிடித்துவிட்டோம். உன் கொரோலாவில் ஏறக்குறைய 6 லீற்றர் பிடிக்கும், சரியான அளவு புத்தகத்தில் இருக்கிறது. 30 வீதக் கலவையில் 2 லீற்றரை வடித்துவிட்டு 2 லீற்றர் தனிக் கிளைக்கோல் கூலன்ற் ஊற்றினால் 53 வீதத்துக்கு வரும், போதும். ஆனால் போத்தலில் 50/50 என்று போட்டிருந்தால் அது ஏற்கெனவே தண்ணி கலந்தது. அதை 2 லீற்றர் ஊற்றினால் 37 வீதம்கூட வராது. ரொயோட்டாவின் பிங்க் கூலன்ற் கலந்தே வருகிறது, அதைப் பாவிப்பதென்றால் பழையது முழுவதையும் வடித்து நிரப்ப வேணும். வேறு வாங்கினால் நிறத்தைப் பார்த்து வாங்காதே. ஆசியக் கார்களுக்கு உரியது, பொஸ்பேற் உள்ளது, சிலிக்கேற் இல்லாதது என்று லேபிளில் இருக்க வேணும்.

நிரப்பும்போது காரின் மூக்கு கொஞ்சம் உயர நிற்கட்டும். ஹீற்றரை முழுச் சூட்டில் வை, மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு மேல் ஹோஸை மெதுவாக அமத்தி விடு. குமிழி வருவது நின்று, ரேடியேற்றர் சூடான பிறகு மூடு. அடுத்த நாள் காலை ரேடியேற்றருக்குப் பக்கத்துப் போத்தலின் அளவைத் திரும்பப் பார், கொஞ்சம் இறங்கியிருக்கும்.

கலவை சரியாக மைனஸ் 37 காட்டினால் கதை வேறு. அப்போது காரின் கணினியை வாசிக்கிற OBD ஸ்கானரைக் குத்தி உண்மையான வெப்பநிலையைப் பார். ஊசி சிவப்பில் நிற்க ஸ்கானர் 90 காட்டினால் மீற்றர் பக்கம் பிழை. 115க்கு மேல் போனால் உண்மையிலேயே கொதிக்கிறது, அப்போது தேர்மோஸ்ரற்றைச் சந்தேகப்படலாம். கழற்றிய தேர்மோஸ்ரற்றைச் சட்டியில் தண்ணியோடு சூடாக்கி, அதில் பொறித்த பாகையில் திறக்கிறதா என்று பார்க்கச் சொல். கீழ் ஹோஸ் குளிர்ந்து கிடப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதே, மைனஸ் 27இல் நல்ல காரிலும் அது குளிராகத்தான் இருக்கும். ஊசி மேலே நிற்கும்போது குளிர்ந்திருந்தால்தான் கணக்கு.

ஓயில் மூடிக்கு அடியில் பால்நிறக் களிம்பைக் கண்டு ஹெட் கஸ்கற், அதாவது எஞ்சின் புளொக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் இடையிலான அடைப்பு, போய்விட்டது என்று யாரும் பயமுறுத்தினால் அவசரப்படாதே. குறுந்தூர ஓட்டத்தில் குளிர்காலத்தில் அது வெறும் ஈரத்தால் வரும். ஓயில் குச்சியிலும் பால்நிறம், கூலன்ற் நாளுக்கு நாள் குறைவு, சைலன்சரில் விடாத இனிப்பு மணப் புகை எல்லாம் சேர்ந்தால்தான் கவலை. அப்போதும் முதலில் கூலன்ற்றில் எஞ்சினில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று நீலத் திரவச் சோதனை செய்விக்க வேணும். திரவம் மஞ்சளானால் கஸ்கற்.

கிறில்லுக்கு முன்னால் கார்ட்போட் ஏதும் செருகியிருந்தால் எடுத்துவிடு.

திரும்பவும் ஊசி ஏறினால் ஹீற்றரை முழுவேகத்தில் போட்டு ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணை. வீடு கிட்டத்தானே என்று ஓட்டாதே, அலுமினிய ஹெட் வளைந்தால் காரின் விலையே போகும். காலையில் ஸ்ராட் பண்ணும்போது பெல்ற் கீச்சிட்டு ரப்பர் மணம் வந்தால் பம்புக்குள்ளேயே ஐஸ் பிடித்திருக்கும். அந்த நொடியே அணை.

வடித்த கூலன்ற்றை மூடியுள்ள கானில் அடைத்துக் கழிவுச் சேகரிப்பில் கொடு. தரையில் சிந்தினால் துடைத்துவிடு. அது இனிக்கும், பக்கத்து வீட்டு நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும்.

ரிஃப்ராக்ரோமீற்றர் காட்டுகிற எண்ணை மட்டும் எனக்கு மெசேஜ் போடு. அதற்குப் பிறகு கராஜ்காரரோடு நான் கதைக்கிறேன்.

அன்புடன்
அப்பா