மெரெர் எழுதிய நோட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பிரமிடு கட்டுரையைப் பேரனோடு உட்கார்ந்து படித்தேன். சாட்டையோடு ஒருவன் நிற்க, அடிமைகள் குனிந்து கல் இழுப்பதுபோல் படம் போட்டிருந்தீர்கள். பிரமிடு கட்டியவர்களை அப்படிக் காட்டியது சரியில்லை என்று மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

30 வருடம் கட்டட வேலைகளில் சூப்பர்வைசராக இருந்தவன் நான். இன்றைக்கு எத்தனை லோடு வந்தது, எத்தனை ஆள் வந்தார்கள் என்று நோட்டில் எழுதாமல் ஒருநாளும் படுத்ததில்லை. 2013-இல் எகிப்தின் செங்கடல் கரையில், வாடி அல் ஜர்ஃப் என்ற இடத்தில், பியர் தாலே என்ற பிரெஞ்சுத் தொல்லியல் அறிஞரின் குழுவினர் கண்டெடுத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடுகளும் அப்படிப்பட்ட நோட்டுதான். எழுதியவர் மெரெர், சுமார் 40 பேருக்கு மேற்பார்வையாளர். தூரா கல்குவாரியில் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றியது, நைல் வழியாகப் பிரமிடு கட்டிய கீசாவுக்குக் கொண்டுபோனது, ராத்திரி எங்கே தங்கினார்கள் என்பது வரை நாள்வாரியாக எழுதியிருக்கிறார். 10 நாளைக்கு இரண்டு மூன்று நடை. குஃபு மன்னரின் பெரிய பிரமிடுக்குப் போன கல் அது! சுமார் 4,500 வருடத்துக்கு முந்தைய அந்த மனிதரை எனக்கு நன்றாகத் தெரிந்தவர்போல் இருக்கிறது.

அரசு கூப்பிட்டால் வேலைக்குப் போயே ஆக வேண்டிய காலம்தான், மறுக்கவில்லை. ஆனால் கீசாவில் தோண்டியெடுத்த தொழிலாளர் குடியிருப்பில் ரொட்டி சுடும் கூடங்கள் இருந்தன. மாடு, ஆடு எலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன. இறந்தவர்களைப் பிரமிடுக்குப் பக்கத்திலேயே கல்லறை கட்டிப் புதைத்திருக்கிறார்கள். முறிந்து, வைத்தியம் பார்த்து, மறுபடி கூடிய எலும்புகள் அங்கே உண்டு.

அப்புறம், முதல் முயற்சியிலேயே எல்லாம் சரியாக அமைந்துவிட்டதுபோல் கட்டுரை சொல்கிறது. இல்லை. குஃபுவின் தந்தை ஸ்னெஃபெரு, தாஷூர் என்ற இடத்தில் ஒரு பிரமிடைச் சுமார் 54 பாகைச் சரிவில் எழுப்பத் தொடங்கினார். அடித்தளம் தாங்காமல் விரிசல் விடவே, பாதி உயரத்துக்கு மேல் சரிவைச் சுமார் 43 பாகையாகக் குறைத்துவிட்டார்கள். அந்த வளைவு இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. அடுத்துக் கட்டிய சிவப்புப் பிரமிடைக் கீழிருந்தே 43 பாகையில் எழுப்பினார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் மகன் காலத்தில், பக்கத்துக்கு 230 மீட்டர் அகலமும் ஏறத்தாழ 147 மீட்டர் உயரமும் உள்ள பெரிய பிரமிடு எழுந்தது.

என் பேரனுக்குப் பிடித்ததும் அந்த வளைந்த பிரமிடுதான். சாட்டைப் படத்துக்குப் பதிலாக அதன் புகைப்படத்தையும், மெரெர் எழுதிய ஏட்டின் படத்தையும் அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
கரூர்.