இரு கரை மண்ணையும் ஒரே கோலால் அளந்து பாருங்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறையினருக்கும் இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்தாருக்கும்,

வணக்கம். நான் இராமநாதபுரம் சீமையில் நெல் விதைக்கிறவன். மன்னார்ப் பக்கம் முருங்கனில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர் என் நண்பர். போர்க்காலத்தில் மண்டபம் முகாமில் இருந்தபோது எங்கள் ஊருக்கு அறுப்பு வேலைக்கு வந்தவர். ஊர் திரும்பி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆனாலும் ஐப்பசி பிறந்துவிட்டால் வாரம் தவறாமல் தொலைபேசியில் பேசிக்கொள்கிறோம். நலம் விசாரித்த கையோடு அவர் கேட்பது, "அங்கே ஈரம் எப்படி?" என்பதுதான்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் கடல். வழியெல்லாம் செலவானதுபோக வைகையில் மிஞ்சிய தண்ணீர்தான் எங்கள் பெரிய கண்மாய்க்கு வரும். அனுராதபுரத்துப் பக்கமிருந்து இறங்கும் அருவியாற்றைத் தேக்கம் அணைக்கட்டில் மறித்து அவருடைய கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்புகிறார்கள். ஆக இருவருமே கடைமடைக்காரர்கள். இருவரும் வானத்தைப் பார்த்து நிற்பதும் அதே ஐப்பசி, கார்த்திகையில்தான்.

2016-ல் இரண்டு கரையும் சேர்ந்தே காய்ந்தது. தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்ய வேண்டியது 440 மில்லிமீட்டர், பெய்தது 168. அடுத்த ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. இலங்கையில் மாரி மழையை நம்பி விதைக்கும் பெரும்போகம் பொய்த்தது. நாற்பது ஆண்டுகளில் காணாத வறட்சி என்றார்கள். 2017-ல் இலங்கையின் நெல் விளைச்சல் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்து 27 லட்சம் டன்னில் நிற்கும் என்று ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு கணித்தது.

அந்த வறட்சி எந்தக் கரையை எவ்வளவு வதைத்தது, அதற்கு முந்தைய வறட்சிகளில் எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே சிக்கிக்கொண்டேன். இந்தியாவில் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் வடகிழக்குப் பருவம். இலங்கையில் அக்டோபரும் நவம்பரும் இரண்டாவது இடைப்பருவப் பெயர்ச்சிக் காலம். வடகிழக்குப் பருவம் தொடங்குவதே டிசம்பரில், முடிவது பிப்ரவரியில். ஐப்பசியில் ஒரே மேகம் ஒரே இரவில் இராமேசுவரத்திலும் மன்னாரிலும் கொட்டினால், அந்த மழை இரண்டு நாட்டு ஏட்டிலும் வேறு வேறு பத்தியில் ஏறுகிறது. பருவக் கணக்கை மட்டும் பார்க்கிறவர் இந்த இரண்டு கரையையும் ஒருநாளும் ஒப்பிட முடியாது.

ஆனால் என் பெரிய ஆதங்கம் மழைக் கணக்கு இல்லை, மண். 2016 மார்கழியில் ஒரு சாயங்காலம் எங்கள் ஊரில் தூறல் விழுந்தது. மறுநாள் பார்வையிட வந்தவர் "மழை பதிவாகியிருக்கிறது" என்று குறித்துக்கொண்டார். அவர் போனதும் மண்வெட்டியால் ஓரிடத்தில் கொத்தினேன். இரண்டு விரல் ஆழத்துக்கு மண் கறுத்திருந்தது. அதற்குக் கீழே புழுதி. கையில் பிடித்தால் உருண்டை சேராமல் விரலிடுக்கில் கொட்டியது. நெல் வேர் அந்தப் புழுதிக்குள்தான் இருந்தது. மேலீரமும் கீழீரமும் கூடினால்தான் பயிர் பிழைக்கும் என்பது உழுகிறவர் எவருக்கும் தெரியும். அன்று அவை கூடவில்லை.

என் வயல் மணல் கலந்த மண். பத்து நாள் வெயிலில் ஈரத்தை விட்டுவிடும்; ஆனால் ஒரு நல்ல மழை வந்தால் உடனே குடித்து வேருக்குக் கொடுக்கும். முருங்கன் மண் கருங்களி. ஈரத்தை நெடுநாள் வைத்திருக்கும். ஆனால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பயிருக்கு முழுதாகத் தராது. காய்ந்துவிட்டாலோ கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். பிறகு வரும் முதல் மழை வெடிப்பு வழியே கீழே போய்விடும். ஒரே அளவு மழைக்குறைவு இரண்டு வயலில் இரண்டு வகை வறட்சியாகிறது. நெடுங்காலக் கணக்கில் எந்த மண் எத்தனை முறை காய்ந்தது என்று தெரியாமல், எந்தக் கரைக்கு ஆபத்து அதிகம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

இந்தியாவின் 2016 வறட்சிக் கையேட்டில் மண் ஈரமும் ஓர் அளவுகோல்தான். பயிருக்குக் கிடைக்கும் ஈரம் 25 விழுக்காட்டுக்குக் கீழே போனால் கடும் வறட்சி என்கிறது. ஆனால் மழைக்குறைவு என்ற வாசலைத் தாண்டிய பிறகுதான் மண்ணின் பேச்சே வருகிறது. அங்கும் அது நான்கு அளவுகோல்களில் ஒன்று. இதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. பயிரை வாட்டும் வறட்சி மண்ணில்தான் முதலில் தெரிகிறது.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்பீர்கள். 2015-ல் நாசா ஏவிய ஸ்மாப் மேல்மண்ணில் ஐந்து சென்டிமீட்டரை மட்டும் உணரும். தரையை அது கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் பார்க்கும்; ஒரு கட்டத்தின் பக்கம் 36 கிலோமீட்டர். எங்கள் கரையோரத்தில் அந்தக் கட்டத்தின் பெரும்பகுதி கடல்! 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார் செயற்கைக்கோள் 200 மீட்டர் நுணுக்கத்தில் மண் ஈரம் காட்டும்படி அமைந்தது. கடல் எல்லை அதற்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் அது சொல்வது சரியா என்று தரையில் சரிபார்க்க வேண்டும். வேர் ஆழத்துக்கு மண்ணில் புதைத்த கருவிகள் இரு கரையிலும் வேண்டும். ஒரே கருவியாக, மணலிலும் களியிலும் செம்மண்ணிலும் வேண்டும்.

2010 முதல் தெற்காசியப் பருவநிலை முன்னோட்ட மன்றத்தில் நீங்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து முன்கணிப்புச் செய்கிறீர்கள். அதே மேசையில், பிரிட்டிஷ் காலத்திலிருந்து கையில் இருக்கும் அன்றாட மழைப் பதிவுகளை அக்டோபர் முதல் ஜனவரி வரை என்று ஒரே பருவமாகக் கூட்டிப் பாருங்கள். மண் ஈரத்தை வாரம் ஒரு முறை, இரு கரையையும் ஒரே பக்கத்தில், தமிழில் வெளியிடுங்கள். நண்பரின் ஊரில் போகத்துக்கு முன்பு பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று கேட்டுத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவு செய்கிறார்கள். அந்த வாராந்தர ஈரக் கணக்கு கையில் இருந்தால் வயலில் எவ்வளவு ஈரம் என்றும் கேட்பார்கள். எங்கள் ஊரில் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் செய்யும் புழுதி விதைப்பைத் தள்ளிப்போடலாமா என்ற கேள்விக்கும் அதுவே விடை தரும்.

கருவி புதைக்க என் வயலில் கீழ்வரப்பை ஒட்டி இடம் தருகிறேன், வாடகை வேண்டாம். நண்பரும் தன் வயலில் ஒரு மூலையை விட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். புரட்டாசி முடிவதற்குள் வாருங்கள். விதைத்த பிறகு குழி வெட்ட முடியாது.

இப்படிக்கு,
இராமநாதபுரத்து விவசாயி ஒருவன்